முடியானே திருவாய்மொழியில் கரணங்களின் விடாய்

திருவாய்மொழிக்கு முதல் வியாக்கியானம், எம்பெருமானார் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படி. 32 எழுத்துக் கொண்ட கிரந்தமே படிக்கணக்குக்கு அளவு. நம்பிள்ளை அருளிச்செய்தவற்றை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடோ முப்பத்தாறாயிரப்படி. இவ்விரிவு வெறும் சொற்பெருக்கம் அன்று என்பதற்கு மூன்றாம் பத்தின் எட்டாம் திருவாய்மொழி சான்று.

அங்கு ஆழ்வாருடைய நெஞ்சு, வாக்கு, கை, கண், செவி ஆகிய கரணங்கள் தனித்தனியே சேதநர்போல் விடாய்க்கின்றன. ஒவ்வொன்றும் தன் தொழிலோடு மற்றொன்றின் தொழிலையும் ஆசைப்படுகிறது என்பது பூர்வாசாரியர் நிர்வாகம். கண், கைகளால் தொழவும் வேண்டுகிறது. செவி, கண்களால் காணவும் ஏங்கி, கருடனுடைய சிறகொலிக்குச் செவிதாழ்த்திக் கிடக்கிறது. இதற்கு அந்தாதித் தொடையே வாசல். ஒரு பாசுரத்தின் ஈற்றில் நின்ற கரணம் அடுத்த பாசுரத்தின் முதலில் வந்து, அங்கு ஏங்கும் கரணத்துக்குத் தன் தொழிலை ஈகிறது.

இதனை அணி மாத்திரமாகக் கொண்டால் ஆழ்வாரின் பிரிவாற்றாமை மறைந்துபோம். கண்டு களித்த கண் தன் தொழிலோடு அமையும். காணப்பெறாத கண்ணே கையின் தொழிலையும் இரக்கும். ஆகவே இக்காட்சிகள் தெளிந்து நிற்பது பேற்றினால் அன்று, இழவினால். ஈடு காத்துத் தந்தது இவ்விடாயையே.