இறுகிய போல்ட்

துருப்பிடித்தோ தலை தேய்ந்தோ ஸ்பேனருக்கு அசையாமல் நின்றுவிட்ட போல்ட் அல்லது நட். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைக்குள் அது பருக்கும்போது நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டையும் அதற்கப்பால் மாரமங்கலத்தையும் அடையும் வண்டிகளுக்கு மழை, பனிமூட்டம், சேறு மூன்றும் பழக்கமானவை. அடித்தட்டு போல்ட்டுகள்தான் முதலில் இறுகும்.

முதல் மருந்து பொறுமை. கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிட வேண்டும். பன்னிரண்டு முனை ஸ்பேனர் தலையை உருட்டிவிடும்; ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனரே ஏற்றது. சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தினால் துரு உடையும். நெம்புகோலாகக் குழாயைச் செருகி முரட்டுத்தனமாக அழுத்துவதே பல போல்ட்டுகள் முறியக் காரணம். நட்டைச் சூடாக்கினால் விரியும். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ரப்பர் புஷ் அருகே தீ கூடாது.

தலை முழுதும் உருண்டுவிட்டால், அதன்மேல் புது நட்டை வெல்டிங் வைத்துத் திருப்பலாம். வெல்டிங் சூடே பாதி வேலையை முடித்துவிடும். போல்ட்டே முறிந்தால் அதன் நடுவில் துளையிட்டு எக்ஸ்ட்ராக்டரால் எடுப்பார்கள். எக்ஸ்ட்ராக்டரும் துளைக்குள் முறிந்தால் சங்கடம்: துரப்பணம் எளிதில் ஏறாத கடின எஃகு அது.

அசையாத நட் எல்லாம் இறுகியது அல்ல: பழைய வில்லிஸ் ஜீப்பின் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடப்புரி மரை கொண்டவை. கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும்.