ஏழாந்திங்கள் திருநாள்கள்

கோடைக்கும் குளிருக்கும் இடைநிற்பதாக மேலைநாட்டார் எண்ணும் பருவத்தை இன்று நாம் இலையுதிர்காலம் என்று வழங்குகின்றோம். இஃது அண்மைக்காலத்து ஆக்கம். தமிழ்நாட்டில் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் இலை உதிர்வதில்லை. மழை பெய்து மரம் தழைப்பதே இயல்பு. தொல்காப்பியர் முல்லைக்குக் காரையும் குறிஞ்சிக்குக் கூதிரையும் பெரும்பொழுதாக வகுத்தார். ஆவணி புரட்டாசி கார் என்றும், ஐப்பசி கார்த்திகை கூதிர் என்றும் உரையாசிரியர் கொண்டனர். வடமொழியாளரின் அறுபருவ வரிசையில் கூதிருக்கு நேராக நிற்பது சரத்காலம். வரிசையில் நேராக நிற்பினும் பொருளில் அது நேராகாது. சரத் என்பது மழை நீங்கி வானம் தெளிந்த காலம். கூதிரோ மழையும் வாடையும் கூடிய காலம். இவ்வேறுபாட்டினை முதற்கண் உளங்கொண்டே, இக்காலத்தில் பல சமயத்தாரும் எடுக்கும் திருநாள்களின் வரலாற்றினை அணுகுதல் வேண்டும்.

அத்திருநாள்களின் நெருக்கம் எவரையும் வியப்புறச் செய்யும். யூதரின் திஷ்ரி மாதம் நிசான் முதலாக எண்ண ஏழாவது. நம் நாட்டுச் சாந்திரமான ஆச்வினமும் சைத்திரம் முதலாக எண்ண ஏழாவதே. திஷ்ரியின் முதல்நாளில் ஆட்டுக்கடாவின் கொம்பினை ஊதி யூதர் புத்தாண்டு கொண்டாடுவர். பத்தாம் நாள் முற்றும் உண்ணாதிருந்து பாவநிவிர்த்தி நாளைப் போற்றுவர். பதினைந்தாம் நாளாகிய நிறைமதியன்று கூடாரப் பண்டிகையைத் தொடங்குவர். ஆச்வினத்தின் முதல்நாள் நவராத்திரித் தொடக்கம். பத்தாம் நாள் விஜயதசமி. தேரவாத பௌத்தர் கார்கால உறைவினை முடிப்பதும் அத்திங்களின் நிறைமதியில்தான். 2022 அக்டோபர் 5, 2024 அக்டோபர் 12, 2025 அக்டோபர் 2 ஆகிய மூன்று நாள்களிலும் விஜயதசமியும் பாவநிவிர்த்தி நாளும் ஒருங்கே நிகழ்ந்தன. 2025 அக்டோபர் 6 ஆம் நாள் சீனர் தம் எட்டாம் திங்களின் நிறைமதி விழாவினைக் கொண்டாடினர். அன்று மாலையே யூதர் தம் கூடாரங்களுட் புகுந்தனர்.

இவற்றைக் காண்போர்க்கு, ஆதியில் ஒரே விழா இருந்து பின்னர்ப் பல சமயங்களாகக் கிளைத்தது போலும் என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. திஷ்ரி என்னும் பெயர் பாபிலோனியரின் தஷ்ரீத்து என்பதன் திரிபு; தொடக்கம் என்பது அதன் பொருள். பாபிலோனியர் தம் அகீத்து விழாவினை முதல் திங்களிலன்றி ஏழாந்திங்களிலும் எடுத்ததுண்டு. ஆதலின் பாபிலோனை வேராக நிறுத்தி, மேற்கே திஷ்ரியையும் கிழக்கே நவராத்திரியையும் அதன் கிளைகளாகக் காட்டிவிடலாம் என்று தோன்றும். நாள் ஒற்றுமை ஒன்றனையே சான்றாகக் கொண்டு உறவு நாட்டும் இம்முறை, சொல்லொலி ஒற்றுமை ஒன்றனையே கொண்டு மொழியுறவு நாட்டும் முறையினும் வலியுடையதன்று.

முதலாவதாக, அவ்வொற்றுமை நிலையானதே அன்று. 2021 இல் பாவநிவிர்த்தி நாள் செப்டம்பர் 16. விஜயதசமி அக்டோபர் 15. 2023 இல் முன்னது செப்டம்பர் 25. பின்னது அக்டோபர் 24. ஒரு திங்கள் முழுதும் இடையிட்டு நிற்கின்றது. இதன் காரணம் நாட்கணிப்பில் உள்ளது. பன்னிரு மதித்திங்கள் கூடி ஏறத்தாழ 354 நாளே ஆகும். கதிரவன் ஆண்டிற்குப் பதினொரு நாள் குறையும். திருநாள் தன் பருவத்தை விட்டு நழுவாதிருக்க வேண்டுமாயின், இடையிடையே ஒரு திங்களை மிகையாகச் சேர்த்தல் வேண்டும். பாபிலோனியர் பத்தொன்பது ஆண்டிற்கு ஏழு திங்கள் சேர்க்கும் முறையினைக் கிறித்துவிற்கு முன் ஐந்து, நான்காம் நூற்றாண்டுகளில் நிலைப்படுத்தினர். யூதர் கணிப்பும் இன்று அவ்வளவிலேயே இயங்குகின்றது. நம் பஞ்சாங்கத்தார் முறை வேறு. கதிரவன் ஓர் ஓரையினின்று மற்றோர் ஓரைக்குப் புகாத மதித்திங்களையே அவர் அதிகமாதம் என்பர். அவ்வோரைகளும் விண்மீன்களை ஒட்டி வகுக்கப்பட்டவை. பகலும் இரவும் ஒத்த நாளை ஒட்டியவை அல்ல. இருவேறு விதிகள் சில ஆண்டுகளில் ஒரே அமாவாசையைத் தெரிந்தெடுக்கின்றன. சில ஆண்டுகளில் அடுத்தடுத்த அமாவாசைகளைத் தெரிந்தெடுக்கின்றன. இது கணக்கின் விளைவேயன்றிக் குருதியுறவின் விளைவன்று.

இரண்டாவதாக, மதி ஒன்றாயினும் அம்மதியின்கீழ் நிற்கும் பருவம் ஒன்றன்று. பாலத்தீனத்தில் திஷ்ரி என்பது மழையற்ற நெடுங்கோடையின் கடைநாள். திராட்சையும் பிற கனிகளும் தொகுக்கப்பட்டுவிட்டன. அடுத்த விளைவிற்கு மழை வரல் வேண்டும். யாத்திராகமம் இவ்விழாவினை ஆண்டின் முடிவில் விளைவு சேர்க்கும் விழாவாகவே கூறுகின்றது. இசுரவேலர் பாலைநிலத்தில் கூடாரங்களில் வாழ்ந்ததன் நினைவாக அதனை விளக்குவது லேவியராகமம். எருசலேம் ஆலயம் நின்ற காலத்தில், சீலோவாம் குளத்து நீரை முகந்து பலிபீடத்தில் வார்க்கும் சடங்கு இவ்விழாவின் சிறப்பாக இருந்தது. ஒரு குரு அந்நீரைப் பீடத்தில் வாராது தம் காலில் வார்த்தார் என்றும், கூடியிருந்தோர் கையிலிருந்த நாரத்தை போன்ற விழாக்கனிகளால் அவரை எறிந்தனர் என்றும் மிஷ்னா கூறும். யூத மன்னனும் தலைமைக் குருவுமாகிய அலெக்சாந்தர் யன்னேயு இவ்விழாவில் அவ்வாறே எறியப்பட்டதனை யோசேப்பு என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். மழை வேட்கை அத்துணைக் கூர்மையானது. எனினும் விழா நாள்களில் மழை பெய்தல் ஆகாது. பெய்யின் கூடாரத்தில் உண்ண இயலாது. அது தலைவன் ஏவலனின் பணியை வெறுத்தமைக்கு அறிகுறி என்று கொண்டனர். ஆதலின் மழையைப் பற்றிய வழுத்து எட்டாம் நாளில்தான் இடம்பெறுகின்றது. நீரை வார்த்துவிட்டு வானம் சற்றே பொறுக்கட்டும் என்று காத்திருக்கும் விழா அது.

வடநாட்டில் நிலை நேர்மாறு. அங்கே மழை முடிந்துவிட்டது. பௌத்தத் துறவியர் மூன்று திங்கள் ஓரிடத்தே உடனுறைந்தபின், பிரியுமுன் ஒவ்வொருவரும் தம்மிடத்துக் கண்ட, கேட்ட, ஐயுற்ற குற்றங்களைக் கூறுமாறு மற்றவரை வேண்டுவர், இதுவே பவாரணை. சமணர் அதற்கு முந்திய பாத்திரபதத் திங்களில் பர்யூஷணம் போற்றி ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டுவர். யூத நெறியும், மனிதர்க்கு இழைத்த தீங்கினை அவரை இரந்து தீர்த்துக்கொள்ளாதவரை நோன்பு நாள் தீர்க்காது என்று விதிக்கின்றது. கருத்தளவில் இம்மூன்றும் மிக அணுகியவை. ஆயின் பௌத்த சமணச் சடங்குகள் பெய்த மழையினால் ஓரிடத்தே அடைபட்ட துறவு வாழ்க்கையிற் பிறந்தவை. யூதச் சடங்கு தலைமைக் குரு ஆண்டிற்கொருமுறை கருவறை புகும் ஆலய வழிபாட்டில் வேரூன்றியது. ஒன்றனை மற்றொன்றன் வழித்தோன்றலாக்குதல் இரண்டினையும் உணராமையாகும்.

தமிழகமோ மூன்றாம் நிலை. தென்மேற்குப் பருவமழை இங்கே முதன்மையன்று. ஐப்பசியிலே தொடங்கும் வடகிழக்கு மழைக்கே கீழ்க்கரை காத்திருக்கும். மழை வரவினை நோக்கி நிற்கும் அளவில் நாம் காசியினும் எருசலேமுக்கு அண்மையில் உள்ளோம் என்பது சற்று விந்தையே. மேலைக் கரையில் இன்னொரு நிலை காணலாம். பாஸ்கர ரவி வர்மன் ஏறத்தாழ கி.பி. 1000 இல் யோசேப்பு ரப்பானுக்கு வட்டெழுத்தில் வழங்கிய செப்பேடு யூதர் அக்கரையில் பெற்றிருந்த உரிமைகளைக் காட்டுகின்றது. அங்கே துலாமழையின் இடியோடுதான் திஷ்ரியின் நிறைமதி பெரும்பாலும் வரும். பாலத்தீனத்து வானத்தை நோக்கி எழுந்த கூடார விதியினை மழைநாட்டில் வைத்துப் போற்றியவர், பருவத்தை அன்று, நாளைப் போற்றினர் என்றே கொள்ளல் வேண்டும்.

நாளை அறுதியிடுவார் எவர் என்பது, ஆதலின், சமய அதிகாரம் பற்றிய வினாவாயிற்று. வடநாட்டு இசுரவேல் அரசனாகிய யெரொபெயாம் ஏழாந்திங்கள் விழாவிற்குப் போட்டியாக எட்டாந்திங்களின் பதினைந்தாம் நாளில் ஒரு விழாவினை நிறுவினான் என்று இராஜாக்கள் முதல் நூல் குற்றஞ்சாட்டுகின்றது. குடிகள் எருசலேம் செல்லாது தடுக்க அவனுக்கு நாளை மாற்றுதலும் ஒரு கருவியாயிற்று. 1947 முதலாகச் சாக்கடற் பகுதியில் கிடைத்த ஏடுகள் 364 நாள் கொண்ட ஆண்டினைப் போற்றிய ஒரு குழுவினரைக் காட்டின. அவர்தம் ஆசிரியரைப் பகைக்குரு பாவநிவிர்த்தி நாளிலேயே வந்து அலைக்கழித்தான் என்று ஆபகூக் உரை கூறும். தானே நோற்க வேண்டிய நாளில் அவன் வழிக்கொண்டது எங்ஙனம்? அவனுக்கு அன்று அந்நாள் அன்று என்பதே பொருந்தும் விடை. மிஷ்னா கூறும் செய்தி இன்னும் நுட்பமானது. பிறைச் சான்றினை ஏற்பதில் ரப்பான் கமலியேலுக்கும் ரபி யோசுவாவிற்கும் கருத்து வேறுபட்டது; யோசுவாவின் கணக்கில் நோன்பாகும் நாளில், கோலும் பணமும் கையிற்கொண்டு தம்முன் வருமாறு கமலியேல் ஆணையிட்டார். யோசுவா சென்றார். கமலியேல் எழுந்து அவரை முத்தமிட்டு, அறிவால் ஆசிரியர் என்றும் பணிவால் மாணவர் என்றும் வரவேற்றார். அறிஞரின் கணக்கினும் மன்றத்தின் தீர்ப்பு பெரிது என்பது அன்று நிறுவப்பட்டது. எனினும் பிணக்கு ஓயவில்லை. பாலத்தீனத்துப் பென் மெயீரும் பாபிலோனியர் சார்பில் சாதியாவும் 921, 922 ஆம் ஆண்டுகளில் வாதிட்டனர். இருபகுதியாரும் இரண்டு நாள் இடையிட்டுத் திருநாள் கொண்டாடினர். நிசிபிசு நகரத்து எலியா என்னும் சிரியக் கிறித்தவரும் இப்பிளவினைக் குறித்து வைத்துள்ளார்.

இசுலாம் இச்சிக்கலை வேறு வகையில் அறுத்தது. மிகைத்திங்கள் சேர்க்கும் வழக்கத்தைக் குர்ஆன் விலக்கிற்று. அதனால் இசுலாமியத் திருநாள் எதற்கும் நிலையான பருவம் இல்லை. ஏறத்தாழ முப்பத்துமூன்று ஆண்டில் அது எல்லாப் பருவங்களையும் சுற்றிவரும். நபிகள் மதீனா சேர்ந்தபோது யூதர் ஆஷூரா நோன்பிருந்ததைக் கண்டார் என்பது ஹதீஸ் மரபு. முகர்ரம் பத்தாம் நாளின் நோன்பு திஷ்ரி பத்தினை நினைவூட்டுகின்றது. ஈண்டு உண்மையான வரலாற்றுத் தொடர்பு உண்டு. ஆயின் நாள் ஒற்றுமை இல்லை! 2016 இலும் 2017 இலும் விஜயதசமி, பாவநிவிர்த்தி நாள், முகர்ரம் பத்து ஆகிய மூன்றும் இரண்டு நாள் எல்லைக்குள் அமைந்தன. அவ்வாண்டுகளில் துர்க்கை உருவங்களை நீரில் விடுதற்கு மேற்கு வங்க அரசு விதித்த காலவரை கல்கத்தா உயர்நீதிமன்றம் வரை சென்றது. தொடர்புடையவை விலகிநிற்பதும் தொடர்பற்றவை ஒருங்கு கூடுவதும் நாட்கணிப்பின் இயல்பு.

கிறித்தவம் பஸ்காவையும் பெந்தெகோஸ்தையும் யூதரிடமிருந்து பெற்றது; கூடாரப் பண்டிகையைப் பெறவில்லை. ஆயினும் அதன் நிழல் ஓரிடத்தில் விழுகின்றது. எருசலேமில் கான்ஸ்டன்டைன் எடுப்பித்த பெருங்கோயில் 335 செப்டம்பர் 13 இல் நேர்ந்தளிக்கப்பட்டது; மறுநாள் நிகழும் திருச்சிலுவை விழா அதனின்று வளர்ந்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அங்குச் சென்ற எகேரியா என்னும் அம்மையார் அவ்விழா எட்டு நாள் நடைபெற்றதாகவும், சாலமோன் ஆலயத்தை நேர்ந்தளித்த நாளோடு இயைத்துப் பேசப்பட்டதாகவும் எழுதியுள்ளார். சாலமோன் அதனைச் செய்ததோ ஏழாந்திங்கள் விழாவில். மதிக்கணிப்பினின்று கதிர்க்கணிப்பிற்கு மாறியதும் தொடர்பு கண்ணுக்கு மறைந்தது. எத்தியோப்பியர் தம் பழங்கணிப்பின்படி செப்டம்பர் 27 அல்லது 28 இல் மஸ்கல் என்னும் பெயரால் இதனைப் பெருந்தீ வளர்த்துக் கொண்டாடுகின்றனர்.

கதிர்க்கணிப்பும் நழுவாததன்று. சோழர் கல்வெட்டுகளில் ஐப்பசி விஷு பயில்கின்றது. விஷு என்பது பகலும் இரவும் ஒத்த நாள். கிறித்துவிற்குப் பின் மூன்றாம் நூற்றாண்டிற்கும் ஆறாம் நூற்றாண்டிற்கும் இடையே, கணிப்போர் கருத்திற்கேற்ப ஏதோ ஒரு காலத்தில், அந்நாள் துலா ஓரையின் தொடக்கத்தோடு ஒத்திருந்தது. இன்று ஒத்தநாள் செப்டம்பர் 22 அல்லது 23; ஐப்பசிப் பிறப்போ அக்டோபர் 17 அல்லது 18. மேகநாத சாகாவின் தலைமையில் 1952 இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955 இல் அளித்த அறிக்கையின்படி, அரசியல் வழக்கிற்குரிய சக ஆண்டு 1957 மார்ச்சு 22 முதல் ஒத்தநாளோடு பிணைக்கப்பட்டது; சமயத் திருநாள்களுக்கோ மேலும் நழுவாதிருக்க வழி கூறியதன்றிப் பழைய நழுவலைத் திருத்த அக்குழு முற்படவில்லை. யூதரிடத்தும் இத்தகைய எச்சம் உண்டு. பாபிலோனிய மரபினர் ஒத்தநாள் கழிந்து அறுபதாம் நாளில் மழை வேண்டத் தொடங்குவர். பழைய ஆண்டளவையே பற்றி நின்றதனால் அஃது இன்று டிசம்பர் 4 அல்லது 5 ஆம் நாள் மாலைக்கு வந்து நிற்கின்றது.

பாலத்தீனத்தில் அவ்வேண்டல் முன்னரே தொடங்கும். விழா முடிந்து பதினைந்தாம் நாள் வரை பொறுத்திருக்குமாறு கமலியேல் விதித்தார். விழாவிற்கு வந்தோருள் கடைசி வழிப்போக்கனும் நனையாது யூபிரட்டீசு ஆற்றங்கரையை அடைதல் வேண்டும் என்பது காரணம். மயிலாடுதுறையில் ஐப்பசி முழுதும் காவிரியில் துலாமுழுக்கு நடைபெற்று, கடைநாளில் கடைமுழுக்கொடு நிறைவுறும். நடக்கவியலாது காலந்தாழ்ந்து வந்த முடவன் ஒருவனுக்கு இறைவன் கார்த்திகை முதல்நாளையும் அளித்தான் என்பது தலவரலாறு. முடவன் முழுக்கு என்று அந்நாள் இன்றும் வழங்குகின்றது. இவ்விரண்டு விதிகளுக்கும் உள்ள ஒப்புமை, பத்தாம் நாள்களின் ஒப்புமையினும் ஆழமானது. இவற்றிற்கிடையே பிறப்புறவு தேட எவரும் முற்பட்டதில்லை.