கீழ்ப்படிய மறுத்த சிஸ்டர்

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் நர்ஸை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறோம். ஜெர்மன் மொழியில் இன்னும் ஒரு படி மேலே. கூடப் பிறந்தவள், கன்னியாஸ்திரி, செவிலியர் மூவருக்குமே "ஷ்வெஸ்டர்" என்ற ஒரே சொல். ஐரோப்பாவில் நோயாளியைக் குளிப்பாட்டுவதும் புண்ணைத் துடைப்பதும் பல நூற்றாண்டுகள் மடங்களின் வேலையாக இருந்தது. அதன் மிச்சம்தான் இந்தச் சொல்.

1633இல் பாரிஸில் வின்சென்ட் தெ பாலும் லூயிஸ் தெ மரியாக்கும் சேர்ந்து ஒரு பெண்கள் சபையைத் தொடங்கினார்கள். நான்கு சுவருக்குள் அடைந்து கிடக்காமல் தெருவில் இறங்கி ஏழை நோயாளிகளைப் பார்க்கும் சகோதரிகள். ஜெப நேரத்தில் நோயாளி கூப்பிட்டால் ஜெபத்தை விட்டுவிட்டுப் போங்கள், அங்கே இருப்பதும் கடவுள்தான் என்பது வின்சென்ட் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. 1836இல் கைசர்ஸ்வெர்த் என்ற ஜெர்மன் ஊரில் தியோடர் ஃப்ளீட்னர் என்ற போதகர் புராட்டஸ்டண்ட் பெண்களுக்காக இதே போல ஒரு இல்லம் தொடங்கினார். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1851இல் பயிற்சிக்குப் போனது அங்கேதான்.

ஆக, நர்ஸ் வேலைக்கு மதம் இரண்டு பழக்கங்களைக் கொடுத்தது. ஒன்று இரக்கம். இன்னொன்று கீழ்ப்படிதல். சாதாரண நாட்களில் இரண்டுக்கும் சண்டை வராது. டாக்டர் எழுதுகிறார், நர்ஸ் கொடுக்கிறார், நோயாளி பிழைக்கிறார். நர்ஸிங் மாணவிகள் விளக்கேற்றிச் சொல்லும் நைட்டிங்கேல் உறுதிமொழியிலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அதை எழுதியது நைட்டிங்கேல் இல்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதியது. கடவுள் முன்னிலையில் எடுக்கும் அந்த உறுதிமொழியில், தெரிந்தே தீங்கான மருந்தைக் கொடுக்கமாட்டேன் என்று ஒரு வரி வரும். மருத்துவருக்கு விசுவாசமாகத் துணைநிற்பேன் என்று இன்னொரு வரி வரும்.

சரி, மருத்துவரே தீங்கான மருந்தைக் கொடுக்கச் சொன்னால்?

ஹிட்லரின் ஜெர்மனி இந்தக் கேள்வியை ஆயிரக்கணக்கான நர்ஸுகளிடம் கேட்டது. முதலில் 1933இல் ஒரு சட்டம் வந்தது. பரம்பரை நோய் உள்ளவர்கள் என்று அரசு முத்திரை குத்தியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை. சுமார் 4 லட்சம் பேருக்குச் செய்தார்கள். அதன்பின் 1939 அக்டோபரில் ஹிட்லர் ஒரு தாளில் கையெழுத்திட்டு, போர் தொடங்கிய செப்டம்பர் 1 என்று தேதி போட்டார். 'கருணைக்கொலை' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மனநல விடுதிகளுக்குப் படிவங்கள் போயின. நோயாளியால் என்ன வேலை செய்ய முடியும் என்று அதில் ஒரு கேள்வி. நோயாளியை ஒருமுறைகூடப் பார்க்காத மருத்துவர்கள் அந்தப் படிவத்தில் சிவப்புக் கூட்டல் குறி போட்டால் சாவு, நீலக் கழித்தல் குறி போட்டால் உயிர். 1941 ஆகஸ்ட் வரை ஆறு இடங்களில் விஷவாயுவால் 70,273 பேரைக் கொன்றதாக அவர்களே கணக்கு எழுதி வைத்திருந்தார்கள்.

ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பர்கில் வின்சென்ட் சபைச் சகோதரிகளின் தலைவியாக இருந்தவர் அன்னா பெர்த்தா கோனிக்செக். 1883இல் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். கருத்தடை அறுவை சிகிச்சைக்கு உதவக் கூடாது என்று தன் சகோதரிகளிடம் சொல்லியிருந்தார். கத்தோலிக்கர்களுக்கு இதில் குழப்பமில்லை. 1930லேயே போப் பதினோராம் பயஸ் இப்படிப்பட்ட கருத்தடையைக் கண்டித்திருந்தார்.

1940 ஆகஸ்டில் சகோதரிகள் நடத்திய விடுதிகளிலிருந்து நோயாளிகளை வேறிடத்துக்கு மாற்றப்போவதாக அரசின் கடிதம் வந்தது. அவர் பதில் எழுதினார். மாற்றப்படுகிறவர்களுக்கு என்ன நடக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம் என்பதை மறைக்காமல் சொன்னார். பிறகு ஒரு யோசனை வைத்தார். அரசு பணம் தர வேண்டாம், இவர்களை எங்களிடமே விட்டுவிடுங்கள், எங்கள் செலவில் பார்த்துக்கொள்கிறோம். அது முடியாது என்றால், இவர்களைக் கூட்டிக்கொண்டு போவதற்கு எங்கள் கைகளை எதிர்பார்க்காதீர்கள்.

செப்டம்பரில் கெஸ்டபோ அவரைக் கைது செய்து சில நாட்களில் விட்டது. வெளியே வந்தும் அவர் மாறவில்லை. 1941 ஏப்ரலில் மறுபடியும் கைது. அவர் சிறையில் இருக்கும்போதே ஷெர்ன்பெர்க் விடுதிக்கு வண்டிகள் வந்தன. 115 பேரைக் கொண்டுபோனார்கள், ஹார்ட்ஹெய்ம் கோட்டையின் விஷவாயு அறைக்கு.

அப்படியானால் அவர் மறுத்ததால் என்ன பயன்? அன்று பல மடங்களில் நிஜமாகவே இருந்த குழப்பம் இது. நாம் மறுத்து வெளியேறினால் நம் இடத்தில் கட்சிக்காரர்கள் வந்து உட்காருவார்கள், நோயாளிக்குக் கடைசி நாட்களில் ஒரு நல்ல முகம்கூட இருக்காது. இருந்தாலோ, படிவம் நிரப்பவும் உடை மாற்றி வண்டியில் ஏற்றிவிடவும் வேண்டும். எது பாவம்? இதை எளிதான கேள்வி என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆனால் "நல்ல முகம்" என்ற வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மெஸெரிட்ஸ்-ஒப்ராவால்டே சாட்சி. இன்றைய போலந்தில் இருக்கும் மனநல மருத்துவமனை. 1941 ஆகஸ்டில் பிஷப் ஃபான் காலன் பிரசங்க மேடையிலிருந்து கொலைகளைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அதே மாதம் விஷவாயுக் கொலைகளை நிறுத்தச் சொன்னார் ஹிட்லர். கொலை நிற்கவில்லை. வார்டுக்குள் வந்துவிட்டது. ஆயுதம் இப்போது தூக்க மருந்தும் ஊசியும்தான். அதாவது நர்ஸின் கை. ஒப்ராவால்டேயில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் இப்படிச் செத்தார்கள்.

1965இல் அங்கே வேலை பார்த்த 14 நர்ஸுகள் மியூனிக் நீதிமன்றத்தில் நின்றார்கள். இது சிகிச்சை என்று சொல்லி, அணைத்து, தடவிக்கொடுத்துத்தான் மருந்தைக் குடிக்கவைத்தேன் என்றார் ஒருவர். இரக்கம் அப்போதும் இருந்தது, பாருங்கள்! கொலையை எளிதாக்க அது பயன்பட்டது. நான் ஊசி போடவில்லை, தூக்கி உட்காரவைத்தேன், அவ்வளவுதான் என்ற ரகப் பதில்களும் வந்தன. மேலதிகாரி சொன்னதைச் செய்தே பழகியவர்கள் நாங்கள் என்பதும் ஒரு வாதம். 14 பேரும் விடுதலை ஆனார்கள்.

நர்ஸிங் தொழில் இதை மெதுவாகத்தான் செரித்தது. சர்வதேச செவிலியர் மன்றத்தின் 1953ஆம் ஆண்டு அறநெறி விதிகளில்கூட, மருத்துவரின் கட்டளையை விசுவாசமாக நிறைவேற்ற வேண்டும் என்று இருந்தது, நெறியற்ற செயலில் சேர மறுக்க வேண்டும் என்ற வாசகத்தோடு சேர்த்து. 1973இல்தான் அந்த விசுவாசம் போனது. நர்ஸின் முதல் பொறுப்பு நோயாளிக்கே என்று எழுதினார்கள்.

இன்று மத நம்பிக்கையின் பேரில் ஒரு நர்ஸ் ஏதாவது சிகிச்சைக்கு உதவ மறுத்தால், ஆதரவாகவும் எதிராகவும் நாம் உடனே கூச்சல் போடுகிறோம். "மனசாட்சி" என்ற சொல்லை வைத்து மட்டும் அதைத் தீர்க்க முடியாது. மறுப்பின் விலையைக் கட்டுவது யார் என்று கேட்டுப் பார்க்கலாம். மறுத்தவர் கை கழுவிக்கொண்டு போக, நோயாளி தனியே தவிக்கிறாரா? கோனிக்செக் மாட்டேன் என்று மட்டும் எழுதவில்லை. இவர்களுக்குச் சோறு போடுகிறோம், இங்கேயே இருக்கட்டும் என்று எழுதினார். விலையையும் அவரே கொடுத்தார். சில மாதச் சிறைக்குப் பின் ஸால்ஸ்பர்கிலிருந்து துரத்தப்பட்டு, போர் முடிந்த பிறகே திரும்பினார். 1948இல் இறந்தார், அந்த 115 பேரைக் கொண்டுபோன ஷெர்ன்பெர்கிலேயே.