மீண்டும் முளைக்கும் கட்டி

காதின் முன்னும் கீழும் அமைந்த பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றும் கலப்புக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அன்று. மெல்ல வளரும், வலி தராது. ஆயினும் அறுவை மருத்துவரை அது நெடுங்காலம் ஏய்த்து வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உறையைக் கீறிக் கட்டியைத் தோண்டி எடுப்பதே வழக்கம். சுரப்பியினூடே முக நரம்பு கிளைத்து ஓடுகிறது. அது அறுபட்டால் கண் மூடாது, வாய் கோணும். அச்சம் நியாயமானதே, ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. அமெரிக்க நோயியல் அறிஞர் ஜோசப் மெக்ஃபார்லண்ட் 1936இல் வெளியிட்ட ஆய்வில், 300 கட்டிகளுள் 69 மீண்டும் வளர்ந்திருந்தன.

காரணத்தை 1958இல் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் பேட்டியும் தாக்ரேயும் விளக்கினர். உறை எங்கும் முழுமையாக இல்லை. கட்டியின் சிறு முனைகள் அதைக் கடந்து நிற்கின்றன. தோண்டுவோர் கைக்கு அவை அகப்படுவதில்லை. ஆகவே, நரம்பை முதலில் கண்டறிந்து காத்து, சுற்றியுள்ள சுரப்பிப் பகுதியோடு கட்டியை அகற்றும் முறை வேரூன்றியது.

மீண்டும் வந்த கட்டியோ வேறு கதை. சிந்திய விதைகள்போல் அது பல முடிச்சுகளாகத் தழும்பினுள் முளைக்கும். நரம்பு அத்தழும்போடு ஒட்டிக் கிடக்கும். இரண்டாம் அறுவையில் முகவாதத்திற்கு வாய்ப்பு மிகுதி. எனவே சிலருக்குக் கதிர்மருத்துவமும், முதியோர் சிலருக்கு வெறும் கண்காணிப்பும் பொருந்துகின்றன. பத்தாண்டு கடந்தும் முடிச்சு தலைகாட்டும். அரிதாகப் புற்றாகவும் மாறும். ‘தீங்கற்ற’ என்ற அடைமொழியைச் சற்று எச்சரிக்கையோடுதான் ஆளவேண்டியுள்ளது.