கரிசற் சாலையும் பின்சக்கர பிரேக்கும்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசற் பிரதேசத்தில், குண்டாற்றில் வெள்ளம் காணும் நாட்கள் சிலவாகவும் புழுதி எழும் நாட்கள் பலவாகவும் இருத்தலின், மோட்டார் வண்டிகளுக்கு இங்கே நேர்ந்த கோளாறுகளும் அவற்றைத் தீர்க்கப் பட்டறைத் தொழிலாளர் பயின்ற வித்தையும் இம்மண்ணின் சரித்திரத்தைச் சேர்ந்தவையே.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை ஆதாரமாகக் கொண்டு, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர், பஞ்சு வியாபாரிக்கும் டாக்டருக்கும் வாடகைக்கார் ஓட்டுநருக்கும் ஒருங்கே உதவிய வாகனம். அதன் முன்சக்கரங்களுக்குப் பிற்காலத்தில் டிஸ்க் பிரேக் வந்த பின்னரும், பின்சக்கரங்களில் நிலைத்து நின்றது 1902-இல் பிரெஞ்சுக்காரரான லூயி ரெனோ வகுத்த டிரம் பிரேக்கின் மரபே. சக்கரத்தோடு சுழலும் டிரம்மினுள் பிறை வடிவமான இரு ஷூக்களை ஒரே வீல் சிலிண்டர் விரிக்க, அவற்றுள் சுழற்சிக்கு இசைந்து நிற்கும் ஷூவை டிரம்மே மேலும் தன்பால் இழுத்து அழுத்திக்கொள்ளும். இத்தகைய நுட்பம் அமைந்திருத்தலின், ஒரு பக்கத்து ஷூவின் உராய்வுப் பட்டையான லைனிங்கில் சிறிது எண்ணெய் படிந்தாலும் இரு சக்கரங்களின் பிடிப்பும் ஒவ்வாது போய் வண்டி தடுமாறும்.

சமவெளியாதலின், நெடிய இறக்கங்களில் சூடேறிப் பிடிப்பை இழக்கும் மலைநாட்டு உபத்திரவம் இங்கு அரிது. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே புகுந்து இரண்டையும் தேய்த்த புழுதியும், நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியில் இறுகிப்போன ஹேண்ட் பிரேக் கேபிளுமே இங்குப் பெருந்தொல்லை. அனுபவம் மிக்க மெக்கானிக், டிரம்மைக் கழற்றுமுன்பே குறிகளை ஆராய்வார். ஓடி நின்ற வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சுட்டால், கேபிளோ சிலிண்டரின் பிஸ்டனோ இறுகியிருத்தல் கூடும். லைனிங் நனைந்திருந்து பிரேக் ஆயிலும் குறைந்திருந்தால் சிலிண்டரையும், அது குறையாதிருந்தால் அச்சின் ஆயில் சீலையும் சந்தேகிப்பார். காரணத்தை நீக்காமல் லைனிங்கை மட்டும் மாற்றினால், புதியதும் சில நாட்களில் நனைந்து வீணாகும்.

சென்னை பாடியில் 1962-இல் தோன்றிய பிரேக்ஸ் இந்தியா போன்ற ஸ்தாபனங்கள் உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கிய பின்னரும், ஷூவில் புதிய லைனிங்கை ரிவெட் அடித்துப் பொருத்துவதும், வரிவிழுந்த டிரம்மை லேத்தில் கடைவதும் பட்டறைத் தொழிலாகவே நீடித்தன. அக்காலத்து லைனிங்கில் கல்நார் கலந்திருந்தமையால், டிரம்மிலிருந்து காற்றடித்து அகற்றிய தூள் தொழிலாளரின் நுரையீரலுக்கு விளைவித்த தீங்கையும் இச்சரித்திரம் மறைத்தல் தகாது.

பழைய கார்களைப் பேணுவோர் இன்று ஈரத்துணியால் அத்தூளைத் துடைத்தெடுத்துத் தம்மைக் காத்துக்கொள்க. ஆயின் குறியிலிருந்து காரணத்தை நாடிய அப்பழைய விவேகத்தை, அதனை அறிந்த மூத்த மெக்கானிக்குகள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பயிலுதல் கடமையாகும்.