சமயமும் குருதியும்: தென்னார்க்காட்டு மண் கூறும் சான்று

உலகில் சிந்தப்பட்ட குருதிக்கெல்லாம் சமயமே காரணம் என்பது ஒரு சாரார் கூற்று. சமயம் அன்பையே போதித்தது, தவறெல்லாம் மனிதருடையது என்பது மறுசாரார் விடை. இரண்டும் எளிய கூற்றுகள். எளியவை என்பதனாலேயே ஐயத்திற்குரியவை. வழக்கு ஒன்றைத் தீர்ப்பவர் பொதுவுரைகளைக் கேளார், சான்று கேட்பார். அத்தகைய சான்றுகள் தொலைவில் இல்லை. கம்மாபுரத்தை நடுவாகக் கொண்டு நோக்கினால், மேற்கே விருத்தாசலம், கிழக்கே வடலூர், தென்கிழக்கே தில்லை, வடகிழக்கே கெடிலக்கரைத் திருவதிகையும் திருப்பாதிரிப்புலியூரும் அமைந்துள்ளன. இவ்வூர்களின் வரலாறே இவ்வழக்கின் சான்றேடு.

கெடிலக்கரை

திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் பாடலிபுரம் எனப் பெயர் பெற்ற சமணப் பெருநகராக விளங்கியது. சர்வநந்தி என்னும் முனிவர், காஞ்சிச் சிம்மவர்மனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 458இல், 'லோகவிபாகம்' என்னும் நூலை எழுதி முடித்தது பாடலிகை என்னும் இவ்வூரில்தான் என்பர். இங்கிருந்த சமணப் பள்ளியிலேயே மருள்நீக்கியார் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றிருந்தார். பின்னர்ச் சைவம் புகுந்து திருநாவுக்கரசர் ஆனார். அவரை நீற்றறையில் இட்டதும், நஞ்சூட்டியதும், யானையை ஏவியதும், கல்லொடு பிணித்துக் கடலில் எறிந்ததும் பெரியபுராணம் விரித்துரைக்கும் செய்திகள். இறுதியில் மன்னன் மனம் மாறி, பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அக்கற்களைத் திருவதிகைக்குக் கொணர்ந்து குணபர ஈச்சரம் எடுத்தான் என்பது புராணம் தரும் முடிவு.

அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது பெரும்பாலோர் கொள்கை. திருச்சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டு, குணபரன் மாற்று நெறியிலிருந்து இலிங்க வழிபாட்டிற்குத் திரும்பியதைக் குறிப்பால் உணர்த்துகிறது. எனவே மன்னன் மதம் மாறியது உண்மை எனக் கொள்ள இடமுண்டு. ஆனால் அவன் எத்தகைய மன்னன் என்பதை அவனுடைய பிற செயல்களும் காட்டுகின்றன. மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றி அவன் குடைவித்த கோயில் அயன், அரன், அரி மூவர்க்கும் உரியது. மகேந்திரவாடியில் திருமாலுக்குக் கோயில் அமைத்தவனும் அவனே. அவன் இயற்றிய 'மத்தவிலாசம்' என்னும் நகை நாடகம், கள்ளுண்ட காபாலிகனையும் பேராசை பிடித்த புத்த பிக்குவையும் ஒருசேர எள்ளி நகையாடுகிறது. தன் புதிய சமயத்தின் ஒரு பிரிவையே மேடையில் ஏற்றிச் சிரித்த மன்னனை வெறியன் என்று கூறிவிட இயலாது. பள்ளி இடிந்தது உண்மையாயின், அதில் பக்தியின் பங்கு எவ்வளவு, அரசின் பங்கு எவ்வளவு என்னும் வினா அங்கேயே தோன்றிவிடுகிறது. பள்ளி என்பது வழிபாட்டிடம் மட்டும் அன்று. நிலமும் கொடையும் வணிகர் ஆதரவும் ஒருங்கு குவிந்த நிறுவனம். அரசன் கைம்மாற்றியது கடவுளை மட்டும் அன்று.

எண்ணாயிரவர்

இவ்வழக்கில் மிகக் கொடிய சான்றாக எடுத்துக்காட்டப்படுவது மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையாகும். ஏழாம் நூற்றாண்டினதாகக் கூறப்படும் இந்நிகழ்ச்சியை ஆராயும்போது சில உண்மைகள் புலப்படுகின்றன. ஞானசம்பந்தர் தம் பதிகங்கள்தோறும் சமண பௌத்தரைக் கடிந்து பாடியவர். ஆயினும் கழுவேற்றத்தை அவர் பாடவில்லை. அச்செய்தி தலைகாட்டுவது பல நூற்றாண்டுகள் கழித்து நம்பியாண்டார் நம்பியின் பாடல்களிலேயே. அதனை விரிவான காட்சியாக்கியவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார். சமணர் தரப்பு இலக்கியங்களில் இத்தகைய பேரழிவு பற்றிய புலம்பல் இல்லை. நீலகண்ட சாஸ்திரியார் போன்ற வரலாற்றறிஞர் இதனை வரலாறாகக் கொள்ள மறுத்து, கசப்பான கட்டுக்கதை என்றே ஒதுக்கினர்.

எண்ணாயிரம் என்னும் எண்ணும் ஐயத்திற்குரியதே. நாலடியார் பாடியவர்களும் எண்ணாயிரம் சமண முனிவர் என்றே மரபு கூறும். விழுப்புரம் அருகே எண்ணாயிரம் என்னும் பெயரில் ஓர் ஊரே உண்டு. முதலாம் இராசேந்திரன் காலத்து வேதக் கல்லூரியைக் கூறும் கல்வெட்டால் புகழ்பெற்ற ஊர் அது. ஆகவே அவ்வெண் தலைகளை எண்ணிக் கண்ட தொகை அன்று. மரபு வழி வந்த ஒரு பெருந்தொகை.

மேலும், ஏழாம் நூற்றாண்டில் வேரோடு அழிக்கப்பட்ட சமயம் ஒன்பதாம் நூற்றாண்டில் தழைத்திருக்க இயலாது. கழுகுமலைச் சமணச் சிற்பங்கள் பாண்டியர் ஆட்சியிலேயே எழுந்தன. சித்தன்னவாசல் குடைவரையை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்தது ஒன்பதாம் நூற்றாண்டில், சீமாறன் சீவல்லபன் காலத்தில். சீவகசிந்தாமணி எழுந்தது அதற்குப் பின்னரே. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் இராசராசனின் தமக்கையார் குந்தவை சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் ஓரூரிலேயே கோயில்கள் எடுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அதே சோழர் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரே இறையிலியாக வழங்கப்பட்டது. சேக்கிழார் பெரியபுராணம் பாடியதற்குக் காரணமாக மரபு கூறுவதும் நோக்கத்தக்கது: அநபாய சோழன் சமணக் காப்பியமான சிந்தாமணியில் திளைத்திருந்தான் என்பதே அது. சமணர் நூல் சோழன் அவையில் சுவைக்கப்பட்ட காலத்தில்தான் சமணர் கழுவேறிய கதை காவியமாயிற்று.

சமணம் தளர்ந்தது கழுமுனையால் அன்று என்பதே இச்சான்றுகள் தரும் முடிவு. அரசர், வணிகர் ஆதரவு இடம் மாறியது; பிரமதேயங்களும் கோயில்களும் வேளாண் நிலத்தின் மையங்களாயின; பக்திப் பாடல் மக்கள் மொழியில் ஊர்தோறும் ஒலித்தது. இவை மெல்ல நிகழ்ந்த மாற்றங்கள்.

கவிஞனின் பங்கு

இவ்வளவில் சமயத்திற்கு விடுதலை வழங்கிவிடலாமா? இயலாது. நிகழாத கொலையை நிகழ்ந்ததாகப் பாடி, அதைப் போற்றியது யார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. சேக்கிழார் பெருங்கவிஞர், கருணை மிக்கவர். அவருக்கே அக்காட்சி உறுத்தியிருத்தல் வேண்டும். ஆகவேதான் தோற்றால் கழுவேறுவோம் எனச் சமணரே உறுதி கூறியதாக அமைத்தார். அடியார் தங்கிய மடத்தில் தீயிட்ட குற்றத்திற்கு வேந்தன் வழங்கிய முறை என்றார். சம்பந்தரைக் கழுவேற்றியவராகக் காட்டாமல் தடுக்காது அமைந்தவராகக் காட்டினார். இத்தனை அமைதி கூறியும் கழு மரம் காவியத்தில் நின்றுவிட்டது. பின்னர் அது மதுரைப் பொற்றாமரைக் குளத்து ஓவியமாயிற்று; விழாக்களில் நினைவுகூரப்படும் நிகழ்ச்சியுமாயிற்று. நிகழாத கொடுமை பெருமையாக எண்ணப்படும்போது, நிகழப்போகும் கொடுமைக்கு ஒரு முன்மாதிரி கிடைத்துவிடுகிறது.

கடல் கடந்த ஈழத்திலும் இதற்கு இணையான காட்சி உண்டு. துட்டகைமுனு எல்லாளனை வென்றபின், கொன்ற உயிர்களை எண்ணி வருந்தியதாக மகாவம்சம் கூறுகிறது. அவனைத் தேற்ற வந்த எண்மர் அருகதர், கொல்லப்பட்டோருள் மனிதராக எண்ணத்தக்கவர் ஒன்றரைப் பேரே என்றனராம். ஏனையோர் நன்னெறி சாராதவர். போர் மூண்டது அரசுரிமைக்காக. ஆயினும் மன்னனின் மனச்சான்று விழித்த அந்த நொடியில் அதைத் தூங்க வைத்தது சமயத்தின் பெயரால் பேசிய நா. போரைத் தொடங்கியதைவிட இது சிறிய குற்றம் என்று கூறிவிட முடியாது.

சமயம் இல்லாத குருதி

மறுபுறச் சான்றுகளையும் காணல் வேண்டும். தென்னார்க்காட்டு மண்ணில் பதினெட்டாம் நூற்றாண்டில் சிந்திய குருதி, அதற்கு முந்திய சமயப் பூசல்கள் அனைத்திலும் சிந்தியதைவிட மிகுதியாகவே இருத்தல் வேண்டும். கடலூர்ப் புனித தாவீது கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி 1758இல் கைப்பற்றினான். 1781இல் தில்லைத் திருக்கோயில் ஐதர் அலி படையின் அரணாயிற்று. அதைத் தாக்கிய ஆங்கிலத் தளபதி அயர் கூட் பின்வாங்க நேர்ந்தது. அடுத்த சில நாட்களில், சூலை 1ஆம் நாள், பரங்கிப்பேட்டையில் பெரும்போர் நடந்தது. 1783இல் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மீண்டும் மோதினர். ஐதர் அலி இசுலாமியர். அவருக்குத் துணை நின்ற பிரெஞ்சுக்காரர் கிறித்தவர். எதிர்த்த ஆங்கிலேயரும் கிறித்தவர். இரு புறமும் மடிந்த சிப்பாய்களுள் இந்துக்களும் இசுலாமியரும் கலந்திருந்தனர். நடராசர் கோயில் மதில் ஒரு தரப்பார்க்குக் கோட்டை, மறுதரப்பார்க்குத் தடை. அங்கே போரிட்டோர்க்குக் கடவுள் பொருட்டே அன்று. வணிகமும் வரிவருவாயுமே பொருள்.

ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் (1618-1648) சமயப் போருக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது. அதிலும் கத்தோலிக்கப் பிரான்சு, சீர்திருத்தச் சபையைச் சார்ந்த சுவீடனோடு கைகோத்துக் கத்தோலிக்கப் பேரரசை எதிர்த்தது. இருபதாம் நூற்றாண்டின் இரு உலகப் போர்களையும் மூட்டியது சமயம் அன்று.

1968ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. கூலி உயர்வு கேட்டதே அவர்கள் குற்றம். எரித்தவரும் எரிந்தவரும் ஒரே சமயத்தினர் என்றே அரசு ஏடுகள் கூறும். நிலமும் சாதியும் மூட்டிய தீ அது. ஆனால் அச்சாதிக்குத் தெய்வ ஒப்புதல் வழங்கியது எது என்று கேட்டால், சமயம் அங்கும் முற்றிலும் குற்றமற்றதாக நிற்க முடிவதில்லை. தில்லைக்கு வந்த நந்தனார் தீயில் மூழ்கியே உள்ளே புக வேண்டியிருந்தது என்பதை மறத்தலாகாது.

ஈழத்தில் 1983 முதல் 2009 வரை நீண்ட போர் மொழி, நிலம், அரசுரிமை பற்றியது. எனினும் 1972இன் அரசியலமைப்பு பௌத்தத்திற்கு முதன்மை இடம் வழங்கியது. மறுபுறம், சமயச் சார்பற்றதெனத் தன்னைக் கூறிக்கொண்ட இயக்கமே 1990 அக்டோபரில் வடபகுதித் தமிழ்பேசும் முசுலிம்களை வெளியேற்றியது. அதே ஆண்டு ஆகத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். கோவையில் 1997 இறுதியில் நிகழ்ந்த கலவரமும், 1998 பிப்ரவரி 14இல் 58 உயிர்களைக் கொண்ட குண்டுவெடிப்புகளும் சமயத்தின் பெயரையே வெளிப்படையாக ஏந்தின. இவற்றை மறைத்து எழுதும் வரலாறு வரலாறு ஆகாது.

மஞ்சக்குப்பத்து வழக்கு

சமயப் பகை குருதியில்தான் முடிய வேண்டுமா? இம்மண்ணே வேறொரு விடையும் தருகிறது. 1867இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் 'திருவருட்பா' என்னும் பெயரில் அச்சேறின. அருட்பா என்னும் பெயர் திருமுறைகளுக்கே உரியது எனக் கொண்ட யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதைக் கடுமையாக மறுத்தார். கண்டனங்கள் பறந்தன, இரு தரப்பு மாணாக்கரும் வசைமாரி பொழிந்தனர். 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதிரைவேற்பிள்ளையும் மறைமலையடிகளும் அதே பூசலைச் சென்னையில் தொடர்ந்தனர். எழுதப்பட்ட சொற்கள் பல இன்றும் கூசச் செய்வன. ஆயினும் ஓர் உயிரும் இழக்கப்படவில்லை.

கெடிலக்கரையில் ஏழாம் நூற்றாண்டில் எழுந்ததாகக் கூறப்படும் பகைக்கும், அதே கெடிலக்கரை மஞ்சக்குப்பத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பகைக்கும் வேறுபாடு யாது? பற்றுக் குறைவு அன்று; இரு தரப்பாரும் ஆழ்ந்த பற்றாளர். பிற்காலப் பூசலில் இரு தரப்பார் கையிலும் அரசு இல்லை என்பதே வேறுபாடு. நீதிபதி எவர் சமயத்தையும் சாராதவர். தோற்றவர் நிலத்தை வென்றவர் பெறப்போவதும் இல்லை. வாளும் நிலமும் விலகி நின்றபோது, சமயப் பகை சொற்போராகவே ஓய்ந்தது.

இதுவே இவ்வழக்கின் திறவுகோல். சமயம் தனித்து நின்று கொன்ற இடங்கள் வரலாற்றில் அரியவை. அரசோடும் நிலத்தோடும் அது சேரும்போது கொலைக்குப் பெயர் வழங்குகிறது. கொன்றபின் ஆறுதல் வழங்குகிறது. நூற்றாண்டுகள் கழித்துப் புகழும் வழங்குகிறது. முதற்குற்றவாளி அது அன்று எனலாம். உடந்தை அன்று எனக் கூற இயலாது.

இராமலிங்க அடிகள் இதை வாழ்வின் முடிவில் தெளிவாகக் கண்டார். 1865இல் சங்கம் தொடங்கியவர், 1867இல் வடலூரில் தருமசாலை கண்டவர், 1872இல் ஞானசபை திறந்தவர், 1873இன் பேருபதேசத்தில் சமய மதங்களில் இலட்சியம் வைக்க வேண்டா எனத் தம் அன்பரிடம் வெளிப்படையாகக் கூறினார். தம்மைப் பாடகராக்கிய சைவத்தையும் அவர் விலக்கினார், இறைப்பற்றை விலக்கவில்லை. பசித்தவன் எச்சமயத்தான் எனக் கேளாது சோறிடுவதே அவர் எஞ்சவிட்ட வழிபாடு. 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இப்பகுதிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1997இல் தலைவர் பெயர்கள் எல்லா மாவட்டங்களிலிருந்தும் நீக்கப்பட்டபோது அதுவும் நீங்கியது. பெயர் நீங்கியும் தருமசாலை அடுப்பு அணையவில்லை.

நெய்வேலி நகரியம் பல மாநிலத்தாரும் பல சமயத்தாரும் கூடி வாழ எழுந்த ஊர். அதன் அருகே கூடும் கவிஞர்க்கு இவ்வரலாற்றில் தனிப் பாடம் உண்டு. எண்ணாயிரவரைக் கழுவேற்றியது பாண்டியன் என்பதற்குச் சான்றில்லை. பாட்டில் ஏற்றியது கவிஞர் என்பதற்குச் சான்று உண்டு. பசித்தவனை நோக்கி அதே தமிழைத் திருப்பியவரும் ஒரு கவிஞரே. மன்னரும் பள்ளிகளும் மறைந்தபின், கெடிலக்கரையில் எஞ்சியிருப்பவை பாடல்களே. எந்தப் பாடல் எஞ்ச வேண்டும் என்பது எழுதுவோர் கையில் உள்ளது.