ஏலியனேட்: ஒரு வினைச்சொல்லும் பஞ்சமி நிலமும்

பஞ்சமி நிலம் பற்றிய ஆங்கில ஆவணம் எதைப் படித்தாலும் ஒரு வினைச்சொல் கண்ணில் படும்: ஏலியனேட். பேச்சு ஆங்கிலத்தில் இது அதிகம் புழங்காது. பத்திரத்திலும் சட்டத்திலும் ஆய்வுக் கட்டுரையிலும்தான் இருக்கும். சமூகவியல் வகுப்பில் இதை ‘அந்நியமாக்குதல்’ என்று படிக்கிறோம். வருவாய்த்துறைக் கோப்பில் இதே சொல்லுக்குப் பொருள் ‘பராதீனம் செய்தல்’. கீழ்பென்னாத்தூர் வட்டத்தில் நிலம் கேட்டு மனு எழுதும் நமக்கு இந்த இரண்டு பொருளும் தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லின் வேர் லத்தீன். ‘அலியுஸ்’ என்றால் மற்றவர். ‘அலியேனுஸ்’ என்றால் மற்றவருக்கு உரியது. அதிலிருந்து பிறந்த வினை, ஒன்றை மற்றவருக்கு உரியதாக்குவதைக் குறித்தது. ரோமானியர் சட்டத்தில் சொத்தைக் கைமாற்றுவதற்கு இந்தச் சொல்தான். ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டிலிருந்து ‘ஏலியனேட்’ என்ற வினை வழக்கில் இருக்கிறது. விற்றாலும், தானமாகக் கொடுத்தாலும், சொத்தின் மீதான உரிமையைப் பிறர் வசம் ஒப்படைக்கும் செயல்களுக்கு இது பொதுச்சொல். நம் பழைய பத்திரங்களில் வரும் ‘பராதீனம்’ என்ற வடமொழிச் சொல்லும் இதையே சொல்கிறது. ‘பர’ என்றால் பிறர். ‘ஆதீனம்’ என்றால் வசம்.

சொத்தைக் குறித்த சொல் பிறகு மனிதருக்கும் வந்தது. நட்பு முறிவதற்கும் புத்தி பேதலிப்பதற்கும் பயன்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் மனநல மருத்துவரை ஆங்கிலத்தில் ‘ஏலியனிஸ்ட்’ என்றே அழைத்தார்கள். கார்ல் மார்க்ஸ் 1844இல் எழுதிய கையெழுத்துப் பிரதிகளில், தொழிலாளி தன் உழைப்பிலிருந்தும் தான் செய்த பொருளிலிருந்தும் அந்நியமாவதை விளக்கினார். நாற்று நட்டுக் களை பறித்துக் கதிர் அறுத்தவருக்குக் களத்து நெல் சொந்தமில்லை என்பதை நம் சேரிகள் மார்க்ஸைப் படிக்காமலே அறிந்திருந்தன.

இந்த வினைச்சொல் நேராகச் சட்டத்தின் பெயரிலேயே ஏறிய ஊர் பஞ்சாப். 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில பராதீனச் சட்டம், ‘விவசாயச் சாதிகள்’ என்று அரசு பட்டியலிட்டவர்களின் நிலம் வட்டிக்காரர் கைக்குப் போகாமல் தடுக்க வந்தது. அந்தப் பட்டியலில் தலித்துகள் இல்லை. பரம்பரையாக நிலத்தில் உழைத்தவர்களுக்கு அந்தச் சாதியாரிடம் நிலம் வாங்கும் வழியே அடைபட்டது. நிலம் கைமாறுவதைத் தடுக்கும் சட்டம் நல்லதா கெட்டதா என்பது, யார் நிலம் யாரிடம் போகாமல் தடுக்கிறது என்பதைப் பொறுத்தது.

சென்னை மாகாணத்தில் கதை வேறு. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். மிராசுதார்கள் தரிசு நிலத்தைக்கூட நம் மக்கள் கைக்குப் போக விடவில்லை, குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதை அது பதிவு செய்தது. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை 1010 அதன் தொடர்ச்சி. அதன் பிறகு ஒப்படைக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள், அதாவது டி.சி. நிலங்கள். மாகாணம் முழுதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு.

இந்த ஒப்படைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஊர்ப்புறத்தில் ‘கண்டிஷன் பட்டா’ என்பார்கள். முதல் பத்து ஆண்டுகள் நிலத்தை விற்கவோ, தானம் செய்யவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே கொடுக்கலாம். மீறினால் கைமாற்றம் செல்லாது. இழப்பீடு இல்லாமல் அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம்.

அப்படியும் நிலம் போனது. கல்யாணக் கடனுக்கும் மருத்துவச் செலவுக்கும் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கினார்கள். நிலவரித் திட்டங்களிலும் பதிவேட்டுத் திருத்தங்களிலும் பெயர்கள் மாறின. இன்று மனு கொடுக்கப் போனால் நம் பிள்ளைகள் முதலில் கேட்கும் வார்த்தை, “உங்க தாத்தாதானே வித்தாரு?” இதைக் கேட்டதும் பலர் தலைகுனிந்து திரும்பி விடுகிறார்கள்.

இங்கேதான் அந்த வினைச்சொல் கைகொடுக்கிறது. தாத்தா விற்றாரா என்பது கேள்வியே இல்லை. பராதீனம் செய்யும் அதிகாரம் அவருக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி. நிபந்தனை அந்த அதிகாரத்தைத் தரவில்லை. இல்லாத உரிமையை அவர் கொடுத்திருக்கவும் முடியாது, மற்றவர் வாங்கியிருக்கவும் முடியாது. கர்நாடகத்தில் இப்படிப்பட்ட நிலங்களை மீட்க 1978இல் தனிச் சட்டமே வந்தது. 1984இல் மஞ்சேகௌடா வழக்கில் உச்சநீதிமன்றம் அது செல்லும் என்றது. தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்கிறோம்.

அந்தக் கோரிக்கைக்கு நம்மவர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். 1994இல் காரணையில் பஞ்சமி நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்து அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள்.

எனவே தோழர்களே, திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு மனு எழுதும் முன் மூன்று காரியம் செய்வோம். சர்வே எண்ணை வைத்துப் பழைய ‘அ’ பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்போம். வில்லங்கச் சான்று எடுத்து நிலம் எந்த ஆண்டில், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று வரிசையாக எழுதுவோம். மனுவில் ‘நிலம் பறிபோனது’ என்று மட்டும் எழுதாமல், ‘நிபந்தனைக்கு மாறாகப் பராதீனம் செய்யப்பட்டுள்ளது, எனவே இந்தக் கைமாற்றம் செல்லாது’ என்று எழுதுவோம். முதல் வாக்கியத்துக்கு அதிகாரி அனுதாபம் சொல்லி அனுப்பி விடலாம். இரண்டாவதற்கு அவர் பதிவேட்டைத் திறந்து பதில் எழுத வேண்டும்.

ஜெய் பீம்.